தாளம் தவறும் இதயம்



திருக்குறளில் 'மருந்து' என்பது 95-ஆம் அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என்று வகுத்துச் சொல்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து அதனைக் காலம் தவறாமல் கொடுப்பவர் என்பவையே அந்நான்கு. முதல் மூன்றையும் பற்றி நாம் நாள்தோறும் பேசுகிறோம். நான்காவதை எளிதில் மறந்துவிடுகிறோம். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், நோயாளி ஓரிடத்திலும் அருகிலிருக்க வேண்டியவர் வேறோரிடத்திலும் இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. நான்கு நாளில் தீரும் காய்ச்சலுக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒருவேளையும் தவறாமல் மருந்துண்ண வேண்டிய நோய்க்கு இந்த நான்காம் உறுப்பே உயிர்நாடி. அத்தகைய நோய்களுள் ஒன்றை, அதாவது இதயத்தின் தாளம் தவறும் நோயை, இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பேசும் பொருள் கண்முன் நிற்பதற்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அது காந்தலூர். இராசராச சோழனுடைய மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச் சாலை வேறு, இவ்வூர் வேறு. இது கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்த மலையூர். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு என வழங்கும். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் வழியினர் என்று அஞ்சுநாட்டார் தம்மைச் சொல்லிக்கொள்கின்றனர். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே காந்தலூர்த் தமிழர் எங்கும் குடிபெயராமலேயே வேறு மாநிலத்துத் தமிழராக வாழ்கின்றனர்.

காந்தலூரிலிருந்து மலைச்சாலை மறையூருக்கு இறங்குகிறது. அங்கிருந்து ஒரு சாலை மூணாறுக்கும், மற்றொன்று யானைகள் உலவும் சின்னாற்றுச் சரணாலயத்தின் ஊடே தமிழ்நாட்டு உடுமலைப்பேட்டைக்கும் செல்கின்றன. இரண்டும் மறையூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஒரு சிறு இரத்தப் பரிசோதனைக்காக இவ்வழியில் ஒருவர் போய்வர வேண்டுமானால் ஒருநாள் வேலை போயிற்று என்றே கொள்ள வேண்டும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

இனி நோயைப் பார்ப்போம். இதயத்தில் மேலே இரண்டு அறைகளும் கீழே இரண்டு அறைகளும் உள்ளன. வலது மேலறையின் உச்சியில் உள்ள சிறு திசுத்திரள் ஒன்று, நாம் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்புகிறது. அத்துடிப்பு முதலில் மேலறைகளைச் சுருக்குகிறது. பிறகு இடையிலுள்ள ஒரு வாயிலின் வழியாகக் கீழறைகளுக்கு இறங்கி அவற்றைச் சுருக்குகிறது. நாம் மணிக்கட்டில் தொட்டறியும் நாடி இக்கீழறையின் சுருக்கமே.

இவ்வொழுங்கு குலைந்து, மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்னலைகள் தாறுமாறாக எழும்போது, மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்குகின்றன. இதனையே மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். நாம் இதனை மேலறை நடுக்கம் என்று சொல்வோம். இடையிலுள்ள வாயில் அத்தனை அலைகளையும் கீழே விடுவதில்லை, சிலவற்றையே விடுகிறது. எவற்றை விடும் என்பதில் ஒழுங்கு இல்லாமையால் கீழறையும் ஒருமுறை நெருங்கியும் ஒருமுறை விலகியும் துடிக்கிறது.

சிலருக்கு நெஞ்சு படபடக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். காரணமின்றிச் சோர்வு தோன்றும். வேறு சிலருக்கு எவ்வித அறிகுறியும் இராது. நோய் சில மணி நேரம் தோன்றி மறைவதும் உண்டு. நிலைத்து நின்றுவிடுவதும் உண்டு. ஐயத்தைத் தீர்ப்பது இ.சி.ஜி. என்னும் இதய மின்வரைவு. இக்கருவியை உருவாக்கிய நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 1924-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். நோய் தோன்றி மறையும் தன்மையதாயின் ஒருமுறை எடுத்த இ.சி.ஜி. அதனைக் காட்டாமல் போகலாம். அப்போது ஒருநாள் முழுவதும், அல்லது அதற்கு மேலும், உடலில் அணிந்திருக்கும் பதிவுக்கருவி உதவும்.

படபடப்பு அச்சந்தருவதாயினும் இந்நோயின் பெருந்தீங்கு அதுவன்று. நடுங்கும் மேலறையில் இரத்தம் ஓடாமல் தேங்குகிறது. இடது மேலறையில் காதுமடல் போன்ற சிறு பை ஒன்று உண்டு. தேங்கிய இரத்தம் பெரும்பாலும் அங்கேதான் உறைந்து கட்டியாகிறது. அக்கட்டி பெயர்ந்து குருதியோட்டத்தில் சென்று மூளையின் குழாயை அடைத்தால் பக்கவாதம் உண்டாகிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரத்து மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தோர் 1978-இல் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்கிற்று. இந்நோய் இல்லாதவரைவிட உள்ளவர்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வும் கெட்டிருந்தால் அது ஏறத்தாழ 17 மடங்கு.

ருமாட்டிக் காய்ச்சல் என்று சொன்னோம். நம் நாட்டவர் இந்நோயைப் பற்றி அறிய வேண்டிய தலையாய செய்தி அதில்தான் அடங்கியிருக்கிறது. மேல்நாடுகளில் மேலறை நடுக்கம் பெரும்பாலும் முதுமையின் நோய். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, உடற்பருமன், தைராய்டுக் கோளாறு, மது முதலியன அதற்குத் துணைக் காரணங்கள். நம் நாட்டிலும் இவ்வகையினர் மிகுதி. ஆனால் இங்கே இரண்டாவது வகை ஒன்றும் பரந்து கிடக்கிறது. சிறுவயதில் தொண்டையில் உண்டாகும் ஒருவகைக் கிருமித்தொற்று சரியாகக் குணப்படுத்தப்படாவிட்டால், சில வாரங்களுக்குப் பின் சிலருக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் போய்விடும், ஆனால் இதய வால்வில் விட்ட வடு போகாது. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கி, மேலறை வீங்கி, தாளம் தவறுகிறது. நெருக்கமான குடியிருப்பும் வறுமையும் உள்ள இடங்களில் இது மிகுதி. மலைத்தோட்டக் குடியிருப்புகளுக்கும், பெருநகரங்களில் ஒற்றை அறையில் வாழும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

இந்திய இதயத்தாளச் சங்கத்தினர் 2011-12-இல் நாடெங்கும் 24 மருத்துவமனைகளில் 1,537 நோயாளிகளைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். அவர்களுடைய சராசரி வயது 55-ஐ எட்டவில்லை. ஏறத்தாழ பாதிப்பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. கேரளத்து இதய மருத்துவர்கள் 2016-17-இல் அம்மாநிலத்தில் நடத்திய பதிவேட்டில் 3,400-க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். அங்கு வால்வு நோயில்லாத வகையினரே பெரும்பான்மையாயினர். ஆகவே மேலறை நடுக்கம் என்று கண்டவுடன் நாம் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதற்கேள்வி, "எமக்கு வால்வில் நோய் உண்டா?" என்பதே. எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனை இதற்கு விடை கூறும். தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையை அறிய இரத்தப் பரிசோதனையும் தேவை.

மருத்துவத்தில் வினாக்கள் மூன்று. கட்டி உறையாமல் தடுப்பது எப்படி? விரைந்தோடும் துடிப்பைத் தணிப்பது எப்படி? தவறிய தாளத்தை மீட்க முயல்வதா, விட்டுவிடுவதா? நோயாளிகள் பெரும்பாலும் மூன்றாம் வினாவையே முதலில் கேட்கின்றனர். முதல் வினாவுக்கு விடை கண்ட பின்னரே மற்றவற்றைக் கேட்பது முறை.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எல்லார்க்கும் வேண்டுவதன்று. மைட்ரல் வால்வு மிகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் அது கட்டாயம். மற்றவர்களுக்கு மருத்துவர் ஒரு கணக்குப் போடுவார். இதயத் தளர்ச்சி, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தக்குழாய் நோய், 65 வயதைக் கடந்தமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 75 வயதைக் கடந்தமைக்கும், முன்னரே பக்கவாதம் வந்தமைக்கும் இரண்டு புள்ளிகள். கூட்டுத்தொகை இரண்டு ஆனால் மருந்து வேண்டும். ஒன்றாயின் எண்ணிப் பார்க்க வேண்டும். 40 வயதில் வேறு நோய் எதுவுமில்லாத ஒருவருக்கு அது தேவைப்படாமலும் போகலாம். படபடப்பு மிகுதியா குறைவா என்பது இக்கணக்கில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அறிகுறியே இல்லாதவருக்கும் அபாயம் ஒன்றே.

அம்மருந்துகளில் மூத்தது வார்ஃபாரின். அதன் கதை விந்தையானது. வட அமெரிக்காவில் 1920-களில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கார்ல் பால் லிங்க் என்பவரும் அவருடைய குழுவினரும் அப்புல்லிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் பிறந்த வார்ஃபாரின் 1948-இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்க்கு மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அளவு கூடினால் நஞ்சு, அளவோடு நின்றால் அமுது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. நம் நாட்டில் இதற்கு இனமான அசெனோகூமரால் என்னும் மருந்தும் பெருவழக்கில் உள்ளது.

வார்ஃபாரின் முறையாக உண்பவர்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. ஆனால் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை செய்து, அவ்வெண் பெரும்பாலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்குமாறு அளவைத் திருத்த வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் கட்டி உறையும் அச்சம். மிக மேலே போனால் இரத்தம் கசியும் அச்சம். தொடக்கத்தில் வாரந்தோறும், நிலைப்பட்ட பின் மாதத்துக்கு ஒருமுறை போலவும் இச்சோதனை வேண்டும்.

2009-க்குப் பின் புதிய மருந்துகள் வந்தன. டாபிகட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் முதலியன அவை. இவற்றுக்கு ஐ.என்.ஆர். சோதனை வேண்டியதில்லை, உணவுக் கட்டுப்பாடும் இல்லை, மூளையில் இரத்தக் கசிவு உண்டாவதும் வார்ஃபாரினைவிட ஏறத்தாழ பாதியே. வால்வு நோயில்லாதவர்க்கு இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் இவற்றையே முதலில் எண்ணுகின்றனர். ஆனால் இவற்றுக்கும் ஒரு குறை உண்டு. வார்ஃபாரினின் காப்பு, மருந்தை நிறுத்தினாலும் சில நாட்கள் நீடிக்கும். புதிய மருந்தின் காப்பு ஒரு நாளிலேயே அற்றுவிடும். இரயிலில் ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுச் சென்றவர் மறுநாளே காப்பின்றி நிற்கிறார். அன்றியும் இவற்றின் அளவு சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைச் சோதிக்க வேண்டும். ரிவரோக்ஸபானை உணவோடு உண்ண வேண்டும். மற்ற இரண்டையும் நாளுக்கு இருவேளை உண்ண வேண்டும்.

அப்படியானால் வார்ஃபாரினை எல்லாரும் விட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நாம் முன்னர்க் கூறிய இரண்டு வகை முக்கியமாகிறது. ருமாட்டிக் வால்வு நோயோடு மேலறை நடுக்கமும் உள்ள 4,500-க்கும் மேற்பட்டோரை 24 நாடுகளில் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து மருத்துவர் கணேசன் கார்த்திகேயனும் ஒருவர். நோயாளிகளின் சராசரி வயது ஐம்பதை ஒட்டியே இருந்தது. பத்தில் ஏழு பேர் பெண்கள். ஒரு பிரிவினருக்கு ரிவரோக்ஸபானும் மற்றொரு பிரிவினருக்கு வார்ஃபாரின் வகை மருந்தும் கொடுத்தனர். 2022-இல் வெளிவந்த முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. ஐ.என்.ஆர். எப்போதும் சரியான எல்லையில் நில்லாதிருந்தும், வார்ஃபாரின் வகை உண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. இரத்தக்கசிவும் அதனால் மிகுந்துவிடவில்லை. உலோக வால்வு பொருத்தியவர்க்கும் வார்ஃபாரின் வகையே உரியது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகம் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதல் மனிதருக்குப் பொருத்திய சித்ரா வால்வை நாடெங்கும் பலர் நெஞ்சில் தாங்கி வாழ்கின்றனர். அவர்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

இப்போது காந்தலூரை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். அங்கே 72 வயதுப் பெரியவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரத்தக் கொதிப்பு உண்டு. வால்வு நலமாக இருக்கிறது. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். இவருக்குப் புள்ளிகள் இரண்டு, மருந்து தேவை. வார்ஃபாரின் விலை குறைவானது. ஆனால் மாதந்தோறும் மலையிறங்கிச் சோதனை செய்ய வேண்டிய பேருந்துக் கட்டணத்தையும், கூட வருபவரின் ஒருநாள் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவ்விலை குறைவாக நில்லாது. புதிய மருந்துகள் காப்புரிமைக் காலம் முடிந்து இந்தியக் கம்பெனிகள் பலவற்றால் செய்யப்படுவதால் முன்னைவிட விலை தணிந்துள்ளன. சிறுநீரகம் நன்றாக இருந்து, வேளை தவறாமல் உண்ண முடியுமாயின் இவருக்குப் புதிய மருந்து ஏற்றது.

அதே தெருவில் 45 வயது அம்மையார் ஒருவர் இருப்பதாகவும், அவருக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பதாகவும் கொள்வோம். பெரியவருக்கு நல்ல மருந்து என்று கேள்விப்பட்டு இவரும் அதற்கு மாறினால் அது தவறு. இவருக்கு வார்ஃபாரின் வகையே வேண்டும். பேருந்துப் பயணம் எவ்வளவு தொல்லையாயினும் சோதனையை விட முடியாது. அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்து அனுப்ப வழியுண்டா, முடிவைத் தொலைபேசியில் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள மருத்துவர் இசைவாரா என்று அவர் வீட்டார் விசாரித்து ஏற்பாடு செய்ய வேண்டும். வார்ஃபாரின் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக் கூடியதாதலால், இளம்பெண்களாயின் கருத்தரிக்க எண்ணும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆஸ்பிரின் போதாதா என்று பலர் கேட்பர். போதாது. அது இந்நோயில் கட்டியைத் தடுக்கும் ஆற்றல் மிகக் குறைந்தது, இரத்தக்கசிவோ உண்டு. வயது முதிர்ந்தவர், கீழே விழுந்துவிடுவார் என்று அஞ்சி மருந்தையே விட்டுவிடுவதும் முறையன்று. முதுமையில்தான் பக்கவாதம் மிகுதி. கொதிப்பை அடக்கி வைப்பதும், தேவையற்ற வலிமாத்திரைகளை விலக்குவதும் கசிவைக் குறைக்கும் வழிகள். மருந்தே உண்ண இயலாத அளவுக்குக் கசிவு உடையோருக்கு, மேலறையின் காதுமடல் போன்ற பையைக் கருவி ஒன்றால் அடைத்துவிடும் முறை உண்டு. அது பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே செய்யத் தக்கது.

இரண்டாம் வினா துடிப்பின் வேகம். மெட்டோபிரலால் போன்ற மாத்திரைகள் இடைவாயிலை ஒடுக்கி வேகத்தைத் தணிக்கும். ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் தம் நூலில் விளக்கிய டிஜிடாலிஸ் செடியின் வழிவந்த டிஜாக்சினும் இன்றுவரை பயன்படுகிறது. ஓய்வில் துடிப்பு 110-க்குள் இருந்து, மூச்சுத்திணறலும் இல்லையானால் பலருக்கு அதுவே போதும் என 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

மூன்றாம் வினா தாளத்தை மீட்பது. மார்பில் மின்னதிர்ச்சி கொடுத்தோ, அமியோடரோன் போன்ற மருந்தாலோ, அப்லேஷன் என்னும் முறையாலோ அது முடியும். 1998-இல் பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவர் மிஷேல் ஐசாகேர் குழுவினர், தாறுமாறான மின்துடிப்பு பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளின் வாயிலிலேயே பிறக்கிறது என்று கண்டனர். தொடையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அவ்வாயில்களைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ மின்வழியைத் துண்டிப்பதே அப்லேஷன். நோய் புதிதாக வந்தவர்க்கும், விட்டுவிட்டு வருபவர்க்கும், மேலறை அதிகம் வீங்காதவர்க்கும் இது நல்ல பயன் தரும். ஆண்டுகள் பல நிலைத்துவிட்டவர்க்குப் பயன் குறைவு. சிலருக்கு மறுமுறையும் செய்ய நேரும். நூற்றில் சிலருக்குத் தீங்கும் நேர்வதுண்டு. செலவும் சிறிதன்று.

எது மேல்? 2002-இல் வட அமெரிக்காவில் 4,060 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்தால் தாளத்தை மீட்டவர்களும் வேகத்தை மட்டும் தணித்தவர்களும் ஏறத்தாழ ஒரே காலம் வாழ்ந்தனர். 2020-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வோ, நோய் கண்ட ஓராண்டுக்குள் தாளத்தை மீட்க முயன்றால் பக்கவாதமும் இதய இறப்பும் குறைவதாகக் காட்டியது. ஆகவே புதிதாக நோய் கண்டவர், "தாளத்தை மீட்க இயலுமா?" என்று தயங்காமல் கேட்கலாம், காலம் தாழ்த்துவது நன்றன்று. ஆனால் முதலிற் கூறிய ஆய்விலிருந்து மற்றொரு பாடமும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களுள் பெரும்பாலோர், தாளம் சீராயிற்று என்று உறைதடுப்பு மருந்தை நிறுத்தியவர்களும், அளவு குறைவாக உண்டவர்களுமே. தாளம் திரும்பினாலும், புள்ளிக் கணக்கு மாறாதவரை அம்மருந்து தொடர வேண்டும்.

அன்றாட வாழ்வில் கவனிக்க வேண்டியவை சில. காந்தலூர் மண் முட்டைக்கோசுக்கும் பூண்டுக்கும் பெயர் பெற்றது. அங்கும் வட்டவடையிலும் விளையும் பூண்டு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. இவ்விரண்டும் வார்ஃபாரினோடு தொடர்புடையவை. முட்டைக்கோசிலும் முருங்கைக்கீரை, பசலைக்கீரை முதலியவற்றிலும் வைட்டமின் கே உண்டு. அது வார்ஃபாரினுக்கு எதிராக வேலை செய்யும். இதற்காகக் கீரையை அறவே விலக்க வேண்டா. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் மருந்தின் அளவும் நிலைத்து நிற்கும். ஒரு மாதம் கீரையே தொடாமல் மறுமாதம் நாள்தோறும் உண்பதுதான் தொல்லை. பூண்டு இரத்தத்தை இளக்கும் என்பர். குழம்பிலும் இரசத்திலும் சேரும் பூண்டால் கெடுதி இல்லை. மருந்தென்று எண்ணி மிகுதியாக விழுங்கினால் கசிவு கூடலாம். உறைதடுப்பு மருந்துக்கு அது ஒருநாளும் மாற்றாகாது.

தோட்டத்திலும் கட்டடத்திலும் உழைப்பவர்கள் உடல்வலிக்குக் கடையில் வாங்கி உண்ணும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் இம்மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியக்கூடும். மதுவை விட்டவர்க்கு இந்நோய் திரும்பி வருவது குறைகிறது என்று 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. உடல் எடையைக் குறைப்பதும் கொதிப்பை அடக்குவதும் அவ்வாறே பயன் தரும். காப்பி குடிக்கலாமா என்று நம்மவர் கேளாதிருக்க மாட்டார்கள். அளவான காப்பியால் இந்நோய் மிகுவதாக அண்மைக்கால ஆய்வுகள் காட்டவில்லை.

இனி, வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களுக்குத் தனியே சில சொற்கள். மொழி தெரியாத ஊரில் நோயாளி தம் மருந்தின் பெயரைச் சொல்லத் தெரியாமல் தடுமாறுவது பெருந்தீங்குக்கு இடமாகும். ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வோம். நோயின் பெயர், வால்வில் நோய் உண்டா இல்லையா என்பது, மருந்தின் பொதுப்பெயர், அளவு, உண்ணும் வேளை, கடைசி ஐ.என்.ஆர். எண்ணும் நாளும், கடைசிச் சிறுநீரகப் பரிசோதனை ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதிவைப்போம். கடைப்பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பொதுப்பெயர் மாறாது. ஊருக்குப் புறப்படும்போது ஒரு வார மருந்தைக் கூடுதலாகக் கையிலேயே வைத்திருப்போம். பல் பிடுங்குவதாயினும் ஊசி போடுவதாயினும் இக்குறிப்பேட்டை முதலில் காட்டுவோம்.

வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றைய வேலையைப் போட்டுவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உறைதடுப்பு மருந்து உண்பவர்க்கு அதனைப் போடலாமா என்பது, எந்த மருந்தை எப்போது கடைசியாக உண்டார் என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்ல வேண்டியவர் உடனிருப்பவர். காந்தலூர் போன்ற மலையூரில் அந்நேரத்தின் பெரும்பகுதி வழியிலேயே கழியுமாதலால், எந்த மருத்துவமனைக்கு எந்த வண்டியில் போவது என்பதை நோய் வருமுன்பே முடிவு செய்து வைப்பது நலம்.

ஊரில் பெற்றோரை விட்டுவந்தவர்கள் நாள்தோறும் தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறோம். "மாத்திரை போட்டுக்கொண்டீர்களா, பெட்டியில் இன்னும் எத்தனை இருக்கிறது?" என்றும் சேர்த்துக் கேட்போம். விடுமுறையில் ஊர் செல்லும்போது 65 வயது கடந்த பெரியவர்களின் மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் மூன்று விரல்களை வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் நாடியைப் பார்ப்போம். நாடி பார்ப்பது நம் மரபுக்குப் புதிதன்று. துடிப்புகளின் இடைவெளி ஒழுங்கின்றி மாறுவதாகத் தோன்றினால், அவ்விடுமுறை முடியுமுன் ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவோம். வீட்டுக் குழந்தைகளுக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டி, அவர் கொடுக்கும் மருந்தைக் குறித்த நாள்வரை முழுவதும் கொடுப்போம். ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை, ஊர் மாறினாலும் பள்ளி மாறினாலும், மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை விடாமல் போட்டுவருவோம்.